உதடு மூடுகிறதா பாருங்கள்: ஏஐ போலிகள் பற்றி வாசகர் கேள்வி-பதில்

போலிப் படம், போலிக் குரல், போலி வீடியோ பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பல ஒரே இடத்தில் சிக்கி நின்றன. என்ன நடந்தது என்று சொல்ல எல்லோர் கையிலும் 'டீப்ஃபேக்' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. மாற்றப்பட்டது முகமா, உதடா, குரலா, அல்லது படத்தோடு வந்த தேதியும் ஊரும் மட்டுமா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்துவிட்டால், எப்படிச் சோதிப்பது, யாரிடம் போய் முறையிடுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும். அதனால் பெயர்களிலிருந்தே தொடங்குகிறோம்.

மார்ஃபிங், டீப்ஃபேக், ஏஐ வீடியோ எல்லாம் ஒன்றுதானா? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு தெளிவு வேண்டும்.
– ஆசிரியை, பொள்ளாச்சி

ஒன்றில்லை டீச்சர். மார்ஃபிங் என்ற சொல் முதலில் ஓர் உருவம் மெல்ல மெல்ல இன்னோர் உருவமாக மாறும் சினிமா கிராபிக்ஸைத்தான் குறித்தது. நம் ஊரில் அது ஒருவர் தலையை வெட்டி இன்னொருவர் உடம்பில் ஒட்டிய படத்துக்குப் பெயராக நின்றுவிட்டது. இதற்கு ஏஐ தேவையே இல்லை. போட்டோஷாப் தெரிந்த ஒருவர் போதும்.

டீப்ஃபேக் என்பது 2017 கடைசியில் ரெட்டிட் தளத்தில் ஒருவர் வைத்துக்கொண்ட புனைபெயரிலிருந்து வந்தது. நடிகைகளின் முகத்தை ஆபாச வீடியோக்களில் பொருத்திப் போட்டவர் அவர். பெண்களைச் சிறுமைப்படுத்தவே பிறந்த தொழில்நுட்பம் இது என்பதை வகுப்பில் மறைக்காமல் சொல்லுங்கள். அது வேலை செய்யும் விதம் இப்படி: இரண்டு பேரின் முகப்படங்களை ஆயிரக்கணக்கில் கணினிக்குக் கொடுப்பார்கள். என்கோடர் என்ற பகுதி இருவருக்கும் பொது. முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்பதை அது சுருக்கி எடுத்துக்கொள்ளும். டிகோடர் என்ற பகுதி ஆளுக்கு ஒன்று. சுருக்கியதை விரித்து அவரவர் முகமாக வரைவது அதன் வேலை. முதல் ஆளின் முகபாவத்தை இரண்டாம் ஆளின் டிகோடரில் செலுத்தினால், முதல் ஆள் சிரித்த சிரிப்பை இரண்டாம் ஆளின் முகம் சிரிக்கும். இதுதான் ஃபேஸ் ஸ்வாப், முகமாற்று.

2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் பெயரில் பரவிய லிஃப்ட் வீடியோ இந்த வகை. அந்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தவர்களுக்கு முதல் நொடியிலேயே விடை கிடைத்தது: லிஃப்டுக்குள் நுழையும்போது அசல் பெண்ணின் முகம் தெரிகிறது, உடனே ராஷ்மிகாவின் முகமாக மாறுகிறது. முகமாற்று மென்பொருள் வீடியோவின் ஒவ்வொரு சட்டகத்திலும் (ஃபிரேம்) முகத்தைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் ஒட்டும். முகம் ஓரத்தில் இருந்தாலோ, பாதி மறைந்திருந்தாலோ தேடல் தவறும். தவறிய இடத்தில் அசல் எட்டிப் பார்க்கும்.

லிப் சிங்க் வேறு. முகம் அவருடையதே, வீடியோவும் அவருடையதே. வாயைச் சுற்றிய பகுதி மட்டும் புதுப் பேச்சுக்கு ஏற்ப மாற்றி வரையப்பட்டிருக்கும். 2020 டெல்லித் தேர்தலின்போது பாஜக தலைவர் மனோஜ் திவாரி இந்தியில் பேசிய வீடியோவை ஹரியான்வி வழக்கிலும் ஆங்கிலத்திலும் பேசுவது போலக் கட்சியே செய்து வாட்ஸ்அப்பில் விட்டது. குரல் குளோனிங் என்பதில் படமே கிடையாது, குரல் மட்டும் நகலெடுக்கப்படும். எழுதிக் கொடுத்த வாக்கியத்தைப் படித்து ஆளே இல்லாமல் முழுப் படத்தையும் வரைவது ஜெனரேட்டிவ் ஏஐ. 2022-ல் ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்றவை எல்லோர் கைக்கும் வந்த பிறகு இது பெருகியது. 2023 மார்ச்சில் போப் பிரான்சிஸ் வெள்ளைப் பஞ்சுக் கோட்டு போட்டுக்கொண்டு நடந்த படம் இந்த வகை. அந்தக் கோட்டுக்கு அசல் என்று எதுவும் இல்லை.

கடைசியாக ஒன்று, நாம் அன்றாடம் பார்ப்பது பெரும்பாலும் இதுதான்: சீப்ஃபேக், மலிவுப் போலி. வெட்டுவது, ஒட்டுவது, வேகத்தை மாற்றுவது, பழைய வெள்ளக் காட்சியை இன்றைய வெள்ளம் என்று போடுவது. 2019 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றத் தலைவர்களில் ஒருவரான நான்சி பெலோசி குடித்துவிட்டு உளறுவது போன்ற வீடியோ பரவியது. செய்தது இவ்வளவுதான்: அசலை ஏறக்குறைய முக்கால் வேகத்துக்குக் குறைத்தார்கள். ஏஐ துளியும் இல்லை. உங்கள் மாணவர்களிடம் முதலில் இதைக் காட்டுங்கள். 'ஏஐயா இல்லையா' என்று தேடுகிற கண் இதைத் தவறவிட்டுவிடும்.

டீப்ஃபேக்குக்கு நல்ல தமிழ்ச்சொல் என்ன? 'ஆழ்போலி' சரியா?
– வாசகர், தஞ்சாவூர்

சிலர் அப்படி எழுதுகிறார்கள். புரிகிறது, சுருக்கமாகவும் இருக்கிறது. ஒரு சிக்கல் உண்டு. 'ஆழ்' என்பது பொய்யின் ஆழத்தைக் குறிக்கவில்லை. பல அடுக்கு நரம்பியல் வலைப்பின்னலில் கற்பதை டீப் லேர்னிங் என்கிறார்கள், அந்த 'டீப்' இது. 'ஆழ்போலி' என்று படிப்பவர் 'மிகத் திறமையான போலி' என்று எடுத்துக்கொள்கிறார். மட்டமாகச் செய்த டீப்ஃபேக்கும் டீப்ஃபேக்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலக்கணத்தில் 'போலி' என்றால் ஓர் எழுத்து நின்ற இடத்தில் இன்னோர் எழுத்து வந்தும் பொருள் மாறாமல் இருப்பது: நிலம் – நிலன். நாம் பேசும் போலியில் பொருள்தான் முதலில் மாறுகிறது. செய்தியிலும் புகாரிலும் எழுதும்போது சொல்லைத் தேடி நேரத்தைச் செலவிடாதீர்கள். 'முகம் மாற்றப்பட்ட வீடியோ', 'ஏஐ குரல் நகல்', 'உதட்டசைவு மாற்றிய வீடியோ' என்று செய்ததைச் சொல்லிவிடுங்கள். படிப்பவர் எவருக்கும் அகராதி தேவைப்படாது.

ஒரு தலைவர் தமிழில் பேசும் வீடியோ வந்தது. அவர் அப்படிப் பேசியிருக்க வாய்ப்பே இல்லை. வீட்டில் இருந்தபடியே எப்படிச் சோதிப்பது?
– கல்லூரி மாணவர், மதுரை

தமிழ் தெரிந்தவருக்கு இதில் ஒரு கருவி கையிலேயே இருக்கிறது. ப, ம இரண்டும் இதழ்கள் இயைந்து பிறப்பவை, வ பல்லும் இதழும் இயையப் பிறப்பது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்கிறது. உதடு ஒட்டாமல் 'அப்பா' என்று சொல்லிப் பாருங்கள், வராது. லிப் சிங்க் மென்பொருள் வாயை ஓசைக்கு ஏற்ப வரையும்போது சறுக்குகிற இடங்களில் இது முக்கியமானது: காதில் 'ப்ப' விழும், திரையில் இரண்டு உதட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி நிற்கும். 2020-ல் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி ஆய்வாளர்கள் சேர்ந்து ஆங்கிலத்தின் M, B, P ஒலிகளை வைத்து இதே அடிப்படையில் ஒரு கண்டறியும் முறையை வெளியிட்டார்கள்.

செய்முறை இது. வீடியோவைக் கணினியில் விஎல்சி பிளேயரில் திறவுங்கள். முதலில் படத்தைப் பார்க்காமல் பேச்சை மட்டும் கேட்டு, 'அம்மா', 'அப்பா', 'இப்ப', 'தம்பி', 'எப்படி', 'ரொம்ப' போன்ற சொற்கள் எந்த நொடியில் வருகின்றன என்று தாளில் குறியுங்கள். பத்து இடமாவது வேண்டும். பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் போய் நிறுத்தி, ஆங்கில E விசையைத் தட்டினால் ஒவ்வொரு சட்டகமாக நகரும். யூடியூபில் என்றால் நிறுத்திவிட்டு, முற்றுப்புள்ளி விசை முன்னே நகர்த்தும், காற்புள்ளி விசை பின்னே நகர்த்தும். நொடிக்கு 25 சட்டகம் ஓடும் வீடியோவில் ஒரு சட்டகம் 40 மில்லிநொடி. இரட்டித்த 'ப்ப', 'ம்ம' வரும் இடத்தில் உதடு மூடிய சட்டகங்கள் சில தொடர்ச்சியாகக் கிடைத்தே ஆக வேண்டும். பத்தில் ஆறேழு இடத்தில் ஒரு சட்டகம்கூட மூடவில்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது.

எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதும் முக்கியம். பேச்சுத் தமிழில் 'மரம்', 'பணம்' என்று சொல்லும்போது கடைசி 'ம்' மூக்கொலியாகக் கரைந்துவிடும், உதடு மூடாது. மேடையில் நிறுத்தி நிதானமாகப் பேசுபவர் மூடுவார், டீக்கடையில் பேசுபவர் மூடமாட்டார். 'கோபம்', 'தபால்' என்று நடுவில் தனித்து வரும் 'ப' வேகப் பேச்சில் முழுசாக ஒட்டாமலே நழுவும். இவற்றை வைத்து ஒருவரைப் போலி என்று சொல்லிவிட்டால் பெரும் பிழை ஆகிவிடும்.

ஒலியும் படமும் பொருந்தாமல் போக அப்பாவிக் காரணங்களும் உண்டு. வீடியோவைத் திரும்பத் திரும்பச் சுருக்கி அனுப்பும்போது ஒலி சற்றுத் தள்ளிப்போகும். அப்படியானால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு தள்ளியிருக்கும். ஒலியைக் கொஞ்சம் முன்பின் நகர்த்தினால் எல்லாம் பொருந்திவிடும், விஎல்சியிலேயே அந்த வசதி இருக்கிறது. போலியில் சில இடம் பொருந்தும், சில இடம் பொருந்தாது, எவ்வளவு நகர்த்தினாலும் சரியாகாது. டப்பிங் செய்த விளம்பரத்திலும் உதடு பொருந்தாது. ஆனால் அங்கே உதடு வேறொரு மொழியின் சொற்களைத் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

உதட்டைத் தவிர, கை முகத்தின் குறுக்கே போகும் சட்டகங்களைப் பாருங்கள். விரல் முகத்துக்குள் கரைந்தது போலிருக்கும். முழுப் பக்கவாட்டில் தலை திரும்பும்போது காதோரமும் தாடையோரமும் நடுங்கும். பல் தனித்தனியாக இல்லாமல் வெள்ளைப் பட்டையாகத் தெரியும். இவையெல்லாம் இன்றைய குறைகள், நாளை சரிசெய்யப்படலாம்.

அதனால் இதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு: அசலைத் தேடுவது. லிப் சிங்க் போலிக்கு எப்போதும் ஓர் அசல் வீடியோ அடியில் இருக்கும். முகம் தெளிவாகவும் பின்னணி முழுதாகவும் தெரியும் மூன்று நான்கு சட்டகங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். அதே சட்டை, அதே மைக், அதே பூங்கொத்தோடு பழைய பேட்டி கிடைத்துவிட்டால், அங்கே அவர் என்ன பேசினார் என்று கேட்டுவிடலாம். அதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை.

கண் சிமிட்டவில்லை என்றால் டீப்ஃபேக், ஆறு விரல் இருந்தால் ஏஐ படம் என்கிறார்களே?
– வாசகி, வேலூர்

காலாவதியான குறிப்புகள். கண் சிமிட்டல் பற்றி 2018-ல் அமெரிக்காவின் ஆல்பனி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். பயிற்சிக்குக் கொடுத்த படங்களில் கண் மூடியவை குறைவாக இருந்ததால் அன்றைய டீப்ஃபேக் சரியாகச் சிமிட்டவில்லை. கட்டுரை வந்த சில மாதங்களிலேயே செய்பவர்கள் அதைத் திருத்திக்கொண்டார்கள். விரல் கதையும் அதே வழியில் போகிறது. ஆறு விரல் இருந்தால் சந்தேகப்படலாம். ஐந்து விரல் இருப்பதால் நம்பிவிட முடியாது.

எனக்கு 71 வயது. மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். அவன் குரலிலேயே அழைத்துப் பணம் கேட்பார்களாமே. எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், காரைக்குடி

ஐயா, காதை வைத்துக் கண்டுபிடிக்க முயற்சி செய்ய வேண்டாம். அதை உங்களிடம் நேராகச் சொல்லிவிடுவதுதான் முறை. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட வால்-இ என்ற முறை ஆங்கிலத்தில் ஒருவர் பேசிய 3 நொடி ஒலியை வைத்து அவர் குரலைப் பாவித்தது. உங்கள் மகன் ஃபேஸ்புக்கில் போட்ட ஒரு பிறந்தநாள் வீடியோவே அதற்கு மேல் நீளம். தொலைபேசி ஒலி வேறு குறுகலானது. குரலின் நுட்பங்களை அது முன்பே அரித்துவிடுவதால் நகலின் குறைகள் மறைந்துவிடும். நள்ளிரவில், பதற்றத்தில், பெற்ற மகன் அழுவதைக் கேட்கும் காது ஆராயாது. அது அன்பின் இயல்பு, உங்கள் குறை கிடையாது.

செய்ய வேண்டியது: பணம் என்ற பேச்சு வந்ததும் 'இரு, நானே கூப்பிடுகிறேன்' என்று வைத்துவிட்டு, உங்கள் போனில் முன்பே பதிந்து வைத்திருக்கும் மகனின் எண்ணுக்கு நீங்கள் அழைக்க வேண்டும். வந்த அழைப்பைத் திருப்பி அழைக்கக் கூடாது. 'என் போன் தொலைந்துவிட்டது, இது நண்பன் எண்' என்று சொல்வார்கள். அப்படியானால் மருமகள், உடன் தங்கியிருப்பவர், அலுவலகம் என்று வேறு இரண்டு எண்கள் உங்களிடம் இருக்க வேண்டும். இன்றைக்கே மகனிடம் கேட்டு நாள்காட்டியின் பின்பக்கம் எழுதி வையுங்கள். குடும்பத்துக்குள் ஓர் அடையாளச் சொல்லும் வைத்துக்கொள்ளலாம். குலதெய்வம், ஊர்ப் பெயர், பிறந்தநாள் வேண்டாம், அவை ஃபேஸ்புக்கிலேயே இருக்கும். பழைய வீட்டு மாட்டின் பெயர், பாட்டி வைத்த பட்டப்பெயர் என்று எங்கும் எழுதாத ஒன்றாக இருக்கட்டும். அந்தச் சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், நேரிலோ நீங்களே அழைத்துப் பேசும்போதோ சொல்லிக்கொள்ளுங்கள்.

வீடியோ அழைப்பில் முகம் தெரிந்தாலும் இதே விதிதான். 2024 தொடக்கத்தில் பிரிட்டனைச் சேர்ந்த ஆரப் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவர், நிதித் தலைமை அதிகாரியும் சக ஊழியர்களும் இருந்த வீடியோ கூட்டத்தில் கலந்துகொண்டு, சொன்னபடி 15 தவணையாக ஏறக்குறைய 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். கூட்டத்தில் இருந்தவர்கள் போலிகள். தனியாக ஓர் அழைப்பு, தெரிந்த எண்ணுக்கு, அங்கே நடந்திருந்தால் போதும்.

பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-க்கு அழையுங்கள். வங்கிக்குப் போய்வந்து பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். போன பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்தி வைக்கத்தான் அந்த எண். அழைக்கும்போது அனுப்பிய தொகை, நேரம், உங்கள் வங்கி, யுபிஐ என்றால் அதன் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும்.

தமிழ்க் குரல் நகலில் தனியாகக் கவனிக்க ஏதாவது உண்டா?
– வானொலி அறிவிப்பாளர், திருச்சி

உண்டு. ஆனால் எழுத்தைப் படிக்க வைத்து உண்டாக்கிய குரலில் மட்டும். தமிழ் எழுத்தில் வல்லினத்துக்கு ஒரே வடிவம். 'பாட்டில்' என்று எழுதியிருந்தால் அது பாட்டுக்குள் இருப்பதா, தண்ணீர் பாட்டிலா என்று இடத்தைப் பார்த்து நாம் ஒலிப்போம். இயந்திரம் சில சமயம் தவறும். பஸ், டாக்டர், பாக்கி, கஜானா என்று கடன் சொற்கள் வரும் இடங்களில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தொகைகள், தேதிகள், ஊர்ப் பெயர்களிலும் தடுக்கும். மூச்சு வாங்கும் இடம் பேச்சின் பொருளோடு சேராமல் வரும்.

ஒருவர் தன் குரலில் பேசி, அதை இன்னொருவர் குரலாக மாற்றும் முறையும் இருக்கிறது. அதில் மேலே சொன்ன எதுவும் சிக்காது. பேசியவர் தமிழர் என்றால் ழகரமும் சரியாக வரும், மூச்சும் சரியாக வரும். அங்கே கவனிக்க வேண்டியது பேச்சு வழக்கு. குரல் நெல்லைக்காரருடையது, சொல்லும் இழுவையும் கோவைக்காரருடையது என்றால் நின்று கேளுங்கள்.

கண்டறியும் இணையதளத்தில் ஒரு படத்தைப் போட்டேன். '92% ஏஐ' என்றது. நம்பலாமா?
– வாசகர், சேலம்

அந்த 92 'பத்துக்கு ஒன்பது பங்கு உறுதி' என்பதைச் சொல்லவில்லை. அந்த மென்பொருள் பழகிய போலிகளோடு இந்தப் படம் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று அது போட்ட மதிப்பெண். பழகாத புது முறையில் செய்த படத்துக்கு மிகக் குறைந்த மதிப்பெண் கொடுக்கும். வாட்ஸ்அப்பில் ஐந்து கை மாறி வந்த உண்மைப் படத்துக்கு அதிகம் கொடுத்துவிடவும் கூடும். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் படம் சுருக்கப்படுகிறது. தோலின் துளைகள் வழுவழுப்பாகும், ஓரங்களில் கட்டம் விழும். போலியின் தடயமும் அழியும், போலி போன்ற தோற்றமும் உண்டாகும். போனின் பியூட்டி ஃபில்டரும் இதே வேலையைச் செய்யும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 படங்களில் 10 மட்டுமே போலி என்று வைத்துக்கொள்வோம். கருவி பத்தையும் பிடித்துவிடுகிறது, உண்மைப் படங்களில் நூற்றுக்கு 5-ஐ மட்டும் தவறாகப் போலி என்கிறது. மிக நல்ல கருவிதான். ஆனால் 990-ல் 5 விழுக்காடு ஏறக்குறைய 50. அது 'போலி' என்று காட்டும் 60 படங்களில் 50 உண்மையானவை. இதை வைத்து ஒரு பெண்ணையோ ஒரு செய்தியாளரையோ பொய்யர் என்று சொல்லிவிட முடியுமா?

கருவியைப் பயன்படுத்துங்கள், கூடுமானவரை முதலில் வெளியான பிரதியைத் தேடிப் போடுங்கள், இரண்டு மூன்று கருவிகளில் ஒப்பிடுங்கள். முடிவை மனிதர் சொல்லட்டும். இந்திய உண்மை சரிபார்ப்பாளர்கள் சேர்ந்து 2024-ல் தொடங்கிய டீப்ஃபேக்ஸ் அனாலிசிஸ் யூனிட்டுக்கு வாட்ஸ்அப்பில் ஒலி, வீடியோ அனுப்பிக் கேட்கலாம். அவர்கள் கையாளும் மொழிகளில் தமிழும் உண்டு.

வாட்டர்மார்க், கன்டென்ட் கிரெடென்ஷியல் என்றெல்லாம் படிக்கிறேன். இவை வந்தால் பிரச்சினை தீருமா?
– போட்டோ ஸ்டூடியோக்காரர், கும்பகோணம்

இரண்டும் வேறு வேறு. வாட்டர்மார்க் படத்தின் புள்ளிகளுக்குள்ளேயே கலந்திருக்கும் குறி. கூகுள் டீப்மைண்ட் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த சின்த்ஐடி கண்ணுக்குத் தெரியாத வகை. கூகுளின் கருவியில் செய்த படத்தைக் காட்டிக்கொடுக்கும். வேறு கருவியில் செய்ததைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கன்டென்ட் கிரெடென்ஷியல் படத்தோடு சேர்ந்து வரும் பிறப்புச் சான்றிதழ் போல. அடோபி, ஆர்ம், பிபிசி, இன்டெல், மைக்ரோசாஃப்ட், ட்ரூபிக் சேர்ந்து 2021-ல் தொடங்கிய சி2பிஏ என்ற கூட்டமைப்பின் விதிப்படி, எந்தக் கருவியில் எடுத்தது, பிறகு என்னென்ன திருத்தம் நடந்தது என்பது கையெழுத்திட்டுப் பதிந்திருக்கும். 2023-ல் வந்த லைக்கா எம்11-பி படம் எடுக்கும்போதே இதைப் பதிந்துவிடும். உங்கள் தொழிலுக்கு இது நல்லது. ஆனால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் சான்றிதழ் கழன்றுவிடும். சான்றிதழ் இருந்தால் அது ஒரு தகவல். இல்லாவிட்டால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. வாடிக்கையாளருக்கு அசல் கோப்பை அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள். கேமரா விவரங்கள் அப்படியே போய்ச்சேரும்.

மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் 'அது ஏஐ' என்று தப்பிக்கிறார்களே?
– வாசகர், விருதுநகர்

இதற்குப் பெயரே உண்டு: 'லயர்ஸ் டிவிடெண்ட்', பொய்யருக்குக் கிடைக்கும் ஆதாயம். பாபி செஸ்னி, டேனியல் சிட்ரான் என்ற இரண்டு அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் வைத்த பெயர். போலிகள் பெருகப் பெருக, உண்மையான பதிவையும் போலி என்று தள்ளுவது எளிதாகும் என்று முன்பே எச்சரித்தார்கள். போலியை நம்புவதைவிட இதைப் பெரிய கேடாகவே நாங்கள் பார்க்கிறோம். எதையும் நம்ப மாட்டேன் என்று மக்கள் கைவிரித்துவிட்டால், லஞ்சம் வாங்கியதை ஒளிந்திருந்து படமெடுத்த சாமானியரின் ஆதாரமும் செல்லாக்காசாகிவிடும்.

'ஏஐ' என்று சொல்பவரிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: எந்தப் பகுதி போலி? குரலா, உதடா, வெட்டி ஒட்டியதா? அசல் எங்கே? அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? தடயவியல் சோதனைக்குக் குரல் மாதிரி கொடுப்பீர்களா? பதிவு வைத்திருப்பவரும் ஒன்று செய்ய வேண்டும். முதலில் பதிந்த போனையும் கோப்பையும் கைபடாமல் வைத்திருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். அதில் கோப்பின் ஹேஷ் எண்ணை (கோப்பிலிருந்து கணினி கணக்கிடும் கைரேகை போன்ற எண்) எழுத இடம் உண்டு. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும்.

குடும்பக் குழுவில் மாமா போலிப் படத்தை அனுப்பினார். 'பொய் பரப்புகிறீர்கள்' என்றேன், கோபித்துக்கொண்டார்.
– வாசகி, ஈரோடு

கிளேர் வார்ட்லும் ஹொசைன் டெராக்ஷானும் 2017-ல் ஐரோப்பா கவுன்சிலுக்கு (Council of Europe) எழுதிய அறிக்கை இதைப் பிரித்துக் காட்டியது. பொய் என்று தெரிந்தே, கெடுக்கும் நோக்கத்தோடு அனுப்புவது ஒன்று. உண்மை என்று நம்பி அனுப்புவது இன்னொன்று. மாமா செய்தது இரண்டாவது. குழுவில் சொல்லாமல் தனியாக, 'மாமா, இது பழைய படம், இதோ அசல்' என்று இணைப்பை அனுப்புங்கள். குழுவில் திருத்தத்தை அவரே போடும் வாய்ப்பைக் கொடுங்கள்.

என் தங்கையின் இன்ஸ்டாகிராம் படத்தை எடுத்து ஆபாசமாக மாற்றி அனுப்பி மிரட்டுகிறார்கள். வீட்டில் சொல்லவே பயப்படுகிறாள். அவசரம்.
– பெயர், ஊர் வேண்டாம்

முதலில் தங்கையிடம் சொல்லுங்கள்: இதில் அவள் செய்த தவறு எதுவும் இல்லை. படம் போட்டது தவறில்லை. குற்றம் செய்தவன் மிரட்டுகிறவன். இதை ஒருமுறை சொன்னால் போதாது.

பணம் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் மறுநாள் கூடுதலாகக் கேட்பார்கள். அவனைத் திட்டிப் பதில் எழுதவும் வேண்டாம், உடனே பிளாக் செய்யவும் வேண்டாம். ஆதாரம் எடுக்கும் வரை உரையாடல் இருக்கட்டும். மிரட்டல் வந்த கணக்கின் பெயரை மட்டும் குறிக்காமல் அதன் முழு இணைய முகவரியை எழுதுங்கள், பெயரை அவன் மாற்றிவிடுவான். செல்பேசி எண், யுபிஐ முகவரி, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட். எந்தப் படத்தை எடுத்து மாற்றினார்களோ அந்த அசல் படத்தையும் தேடி எடுத்து வையுங்கள். 'இதுதான் அசல், அதுதான் மாற்றியது' என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டுவதைப் போல் வலுவான ஆதாரம் வேறு இல்லை. தங்கைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் அந்த ஆபாசப் படத்தைச் சேமிக்கவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது, உதவி கேட்கும் நோக்கத்தில்கூட. இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் குறித்து உடனே காவல்துறைக்குக் கொடுங்கள்.

புகாரை அரசின் cybercrime.gov.in தளத்தில், பெண்கள்-குழந்தைகள் பிரிவில் பதியலாம். அங்கே பெயர் சொல்லாமலும் தெரிவிக்க வழி உண்டு. ஆனால் மிரட்டல் நடந்துகொண்டிருப்பதால் பெயரோடு பதிவதே நல்லது. 1930-க்கும் அழைக்கலாம், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம். புகாரில் வெறுமனே 'டீப்ஃபேக்' என்று எழுதாதீர்கள். 'இந்தத் தேதியில் நான் வெளியிட்ட இந்தப் படத்தில் உள்ள என் முகத்தை வேறொரு நிர்வாண உடலில் பொருத்தி, இந்தக் கணக்கிலிருந்து அனுப்பி, இவ்வளவு பணம் கேட்டு மிரட்டுகிறார்' என்று எழுதுங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் ஆபாசப் படம் பரப்புதல், மிரட்டிப் பணம் பறித்தல் இரண்டும் தனித்தனியே தெரிகின்றன. பாலியல் காட்சிகளை இணையத்தில் பரப்புவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவில் முதல்முறையே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இதோடு கூடவே, தளத்திலும் புகார் செய்யுங்கள். பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் இன்னொருவரோ கேட்டால், இப்படி மாற்றப்பட்ட படத்தை 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் கெடு வைத்தன. பின்னால் வந்த திருத்தங்கள் கெடுவை இன்னும் இறுக்கியிருக்கின்றன. செயலியில் இருக்கும் 'ரிப்போர்ட்' பொத்தானோடு நிற்காமல், அந்தத் தளத்தின் இந்தியக் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலும் அனுப்புங்கள். அப்போதுதான் நேரம் பதிவாகும். அவர்கள் மறுத்தால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம்.

படம் மேலும் பரவாமல் தடுக்க ஸ்டாப்என்சிஐஐ (StopNCII) என்ற இலவசத் தளம் இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. போனிலேயே அதன் ஹேஷ் எண் கணக்கிடப்பட்டு, எண் மட்டும் போகும். சேர்ந்திருக்கும் தளங்கள் அந்த எண்ணோடு ஒத்த படம் ஏறினால் பிடித்துக்கொள்ளும். ஏஐ-யில் செய்த படத்துக்கும் பொருந்தும். இது 18 வயது ஆனவர்களுக்கு. அதற்குக் கீழ் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற தளம், அதுவும் இதே முறைதான். படத்தை வெட்டி, திருத்தி ஏற்றினால் எண் பொருந்தாமல் போகலாம். அதனால் அவன் அனுப்பிய ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியே எண் எடுங்கள்.

வீட்டில் ஒருவருக்காவது இன்று இரவுக்குள் தெரிய வேண்டும். தங்கை நம்பும் அத்தையோ சித்தியோ இருந்தால் அவரிடம் நீங்களே முதலில் பேசுங்கள். அவளைத் தனியாகத் தூங்க விடாதீர்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளி நூற்றாண்டு விழாவில் மறைந்த தலைமையாசிரியர் வாழ்த்துவது போல ஏஐ வீடியோ செய்ய ஆசை. அதுவும் டீப்ஃபேக் ஆகுமா?
– முன்னாள் மாணவர், புதுக்கோட்டை

தொழில்நுட்பம் அதேதான். 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாத் திரையில் கலைஞர் கருணாநிதி தோன்றி வாழ்த்தினார், அவர் மறைந்தது 2018-ல். அடுத்த மாதம் ஜெயலலிதாவின் பிறந்தநாளில் அவர் குரலில் ஓர் ஒலிப்பதிவை அதிமுக வெளியிட்டது. 'லால் சலாம்' படப் பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் ஏஐ வழியே பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்ததாக வெளிப்படையாகச் சொன்னார். கேட்டு வாங்கிய ஒப்புதலும் மறைக்காத அறிவிப்பும்தான் இதைப் போலியிலிருந்து பிரிக்கின்றன.

ஆசிரியரின் மனைவி, மக்கள் எல்லோரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒரு பிள்ளை வேண்டாம் என்றாலும் விட்டுவிடுங்கள். அவர் பேசப்போகும் வாசகத்தை முன்கூட்டியே அவர்களிடம் காட்டுங்கள். அவர் உயிரோடு இருந்தபோது சொல்லாத கருத்து எதையும் அவர் வாயில் வைக்காதீர்கள். நன்கொடை கேட்பது, ஒருவரைப் பெயர் சொல்லிப் பாராட்டுவது இரண்டும் கூடாது. அறிவிப்பை வீடியோ முடிவில் போட்டால் வெட்டிவிட்டுப் பரப்புவார்கள். தொடக்கம் முதல் கடைசி வரை, முகத்துக்குப் பக்கத்தில், பின் வரிசையில் உட்கார்ந்தவரும் படிக்கும் அளவு எழுத்தில் நிற்கட்டும்: 'ஏஐ மூலம் உருவாக்கிய உருவமும் குரலும். வாசகம் எழுதியது விழாக்குழு. குடும்பத்தின் அனுமதியுடன்.' திரையிடுமுன் மேடையிலிருந்தும் ஒருவர் இதை வாசித்துவிடட்டும், கண் மங்கிய பழைய மாணவர்களும் வருவார்கள்.